பதக்கம் வாங்கிய பிறகு ஆகும் செலவு

தேசிய சீனியர் ஜூடோவில் 57 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கிய வருடத்தில், அந்தப் பதக்கத்தால் என் கைக்கு வந்த பணம் 12,000 ரூபாய்ச் சொச்சம். அதைச் சுற்றி என் கையை விட்டுப் போனது, முழங்கால் ஆபரேஷனையும் சேர்த்தால், இரண்டரை லட்சத்துக்கு மேல். சொன்னால் யாரும் நம்புவதில்லை. பேப்பரில் போட்டோ வந்ததே, தெருமுனையில் பேனர் இருந்ததே, கவர்ன்மென்ட் ஏதாவது கொடுத்திருக்குமே என்பார்கள். மாஸ்டரைக் கேட்டிருக்கலாமே என்றும் கேட்பார்கள். எப்படி விழ வேண்டும் என்பதை மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் ஆளைத் தூக்கவே விட்டவர் அவர். ஆனால் அவரிடம் வளர்ந்த பிள்ளைகளில் தேசிய மேடை ஏறிய முதல் ஆள் நான்தான். ஜூடோ ஆடும் மேட்டுக்கு (விரிப்புக்கு) வெளியே என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியாது. அம்மாவுக்குச் சுத்தமாகத் தெரியாது. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளையை ஜூடோவில் சேர்த்துவிட்டு, நாளைக்கு மெடலோடு வந்து நின்றால் அடுத்து என்ன என்று தெரியாத அம்மா அப்பாக்கள் இதைப் படித்தால் போதும்.

எங்கள் வீடு வியாசர்பாடிப் பக்கம். கால்பந்து, குத்துச்சண்டை, கேரம் என்றால் இங்கே பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும். ஜூடோ என்றால் மட்டும் "கராத்தேதானே?" என்பார்கள். நான் ஊர் திரும்பியபோது கட்டியிருந்த பேனரிலும் "கராத்தே வீராங்கனை" என்றுதான் இருந்தது. என் முகம் ஒரு மூலையில் பாஸ்போர்ட் சைஸில், மேலே வரிசையாக வாழ்த்துவோர். போட்டோ எடுக்க வந்த தம்பி, "அக்கா, ஒரு கிக் அடிங்க, நல்லா இருக்கும்" என்றார். ஜூடோவில் உதையே கிடையாதுப்பா, பிடிப்பதும் தூக்கிப்போடுவதும் அமுக்கிப் பிடிப்பதும்தான் என்று சொன்னேன். சரி அக்கா, அப்போ கையையாவது இப்படி நீட்டுங்க என்றார். நீட்டினேன். அதுதான் பேப்பரில் வந்தது. மேடையில் ஒருவர், "மூணாவது இடத்துல ரெண்டு பேரா? அதெப்படிம்மா?" என்று மைக்கிலேயே கேட்டார். கால் இறுதியில் தோற்றவர்கள் ரெப்பசேஜ் என்ற மறுவாய்ப்புச் சுற்றில் ஜெயித்து, அப்புறம் அரையிறுதியில் தோற்றவரோடு மோதி, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் வெண்கலம் வாங்குவார்கள் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் சால்வை வந்துவிட்டது.

இந்த விளையாட்டின் புகழ் இடத்துக்கு இடம் மாறும் என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜப்பானில் ரியோகோ தானி என்று ஒருவர். 48 கிலோ பிரிவு. 1992-லிருந்து 2008 வரை ஐந்து ஒலிம்பிக்கிலும் பதக்கம், அதில் இரண்டு தங்கம். அந்த ஊரில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. 2010-ல் நாடாளுமன்ற மேலவைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரான்சின் டெடி ரினேர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் ஜோதி ஏற்றிய இருவரில் ஒருவர். அங்கே லட்சக்கணக்கான பேர் ஜூடோ கற்கிறார்கள். நம் பக்கம் வாருங்கள். மணிப்பூரின் சுசீலா தேவி 2014 கிளாஸ்கோவிலும் 2022 பர்மிங்காமிலும் காமன்வெல்த் வெள்ளி வாங்கியவர், டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன ஒரே இந்திய ஜூடோ ஆட்டக்காரர். தகுதிப் போட்டிகளுக்குப் போய்வர அவர் தன் காரை விற்க வேண்டியிருந்தது. 2022-ல் லிந்தோய் சனம்பம் உலக கேடட் (இளையோர்) சாம்பியன் ஆனார், அதுவும் நான் ஆடிய அதே 57 கிலோவில். எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பாரிஸ் பாராலிம்பிக்கில் கபில் பர்மார் வெண்கலம் வாங்கினார், ஜூடோவில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் பதக்கம் அது. ஒலிம்பிக்கிலோ பாரிஸ் வரைக்கும் ஜூடோவில் நமக்கு ஒரு பதக்கமும் இல்லை. உலக அளவில் ஜெயித்தவர்களுக்கே இதுதான் நிலைமை என்றால், தேசிய வெண்கலத்துக்கு வரும் பெயர் எத்தனை நாள் தாங்கும்? எனக்கு ஒரு மாதம் தாங்கியது. அதுவே அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஒரு மாதம் பாராட்டு விழாக்களிலேயே போனது. பள்ளி, நற்பணி மன்றம், குடியிருப்போர் சங்கம், ஒரு கல்யாண மண்டபத் திறப்பு விழா வரைக்கும் கூப்பிட்டார்கள். சாயங்காலம் ஆறு மணி என்பார்கள்; தலைவர் வர ஒன்பது ஆகும். நான் துணிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன், பாதி நாள் லீவு என்றாலும் லாஸ் ஆஃப் பே. போக ஆட்டோ, வரும்போது ராத்திரி என்பதால் இரட்டை வாடகை. ஒரே டிராக் சூட்டை எல்லா மேடையிலும் போட்டால் நன்றாக இருக்காது என்று அம்மா புதிதாக ஒன்று வாங்க வைத்தார். கூட வரும் சொந்தக்காரர்களுக்கு டீ, டிபன் நம் செலவு, ஏனென்றால் "நம்ம பொண்ணு ஜெயிச்சிருக்கு". கிடைத்தவை பொன்னாடைகள். துண்டாகவும் பயன்படாது, போர்த்தவும் முடியாது, பளபளவென்று உடம்பில் குத்தும். ஒன்றின் மடிப்பில் பழைய விழாவின் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. எனக்கு முன்னால் யாருக்குப் போர்த்தினார்களோ. அவ்வப்போது கவரில் 500, 1,000 வைத்துக் கொடுத்தவர்களும் உண்டு, குறை சொல்லக் கூடாது. மேலே சொன்ன 12,000 அப்படிச் சேர்ந்ததுதான்.

பெரிய செக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு விழாவில் 50,000 ரூபாய்க்கு அட்டையில் செய்த ஆளுயர செக்கை என் கையில் கொடுத்தார்கள். என் பெயர், தொகை, எழுத்தால் தொகை, கீழே ஒரு கையெழுத்து, எல்லாம் பக்காவாக இருந்தது. ஷேர் ஆட்டோக்காரர் ஏற்ற மாட்டேன் என்றார். பஸ்ஸில் பின்படியில் நின்று அதைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு வந்தேன். நிஜ செக் அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரம், தலைவர் வெளியூர். அப்புறம், கணக்குப் பார்ப்பவர் மாறிவிட்டார். அப்புறம், "அந்த விழாவுக்கே எங்களுக்கு ஏகப்பட்ட செலவும்மா" என்றார்கள். அப்புறம் போனே எடுக்கவில்லை. அம்மா அந்த அட்டையைக் கொண்டுபோய், சாரல் அடிக்காமல் இருக்க அடுப்பு மேடை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டார். மழைக்காலம் முழுக்க அங்கேதான் இருந்தது. எனக்குப் பணம் போனதைவிட, அந்த 50,000-ஐ நம்பி அடுத்த போட்டிக்கான செலவுக்கு ஏற்பாடு செய்யாமல் இருந்துவிட்டதுதான் ஆத்திரம்.

ஆகவே, விழாவுக்குக் கூப்பிட்டால் மூன்று விஷயம் போனிலேயே கேட்டுவிடுங்கள்: எத்தனை மணிக்கு விடுவீர்கள், போக வர வண்டி உண்டா, பண உதவி என்று மேடையில் அறிவிப்பீர்களா. அறிவிப்பதாக இருந்தால் நிஜ செக்கோ பேங்க் டிரான்ஸ்ஃபரோ அன்றைக்கே வேண்டும் என்று சொல்லலாம், அதில் ஒரு கூச்சமும் வேண்டாம். நேரடியாகக் கேட்க நாக்கு வரவில்லை என்றால், மாஸ்டரையோ சித்தப்பாவையோ பேச விடுங்கள். வீட்டுப் பெண் கேட்டால் "திமிரு" என்பார்கள், மீசை வைத்தவர் கேட்டால் "விவரமான ஆளு" என்பார்கள். இது எனக்குப் பிடிக்காத நியாயம், ஆனால் வேலை நடக்கும். சால்வைக்குப் பதில் ஒரு ஜூடோ டிரெஸ் வாங்கிக் கொடுங்கள் என்று ஒரு பள்ளித் தலைமையாசிரியரிடம் மட்டும் துணிந்து கேட்டேன். உடனே சரி என்றார். போட்டிக்கு வெள்ளை, நீலம் இரண்டும் வேண்டும், சர்வதேச அளவில் அனுமதித்த டிரெஸ் என்றால் விலை எகிறும் என்று சொன்னேன். உள்ளூர் தயாரிப்பில் நல்ல நீல டிரெஸ் ஒன்று வந்தது. இன்றும் போட்டுக்கொள்கிறேன்.

இனி சான்றிதழ். இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் இதில் போனது பணம் இல்லை, வருடம். நமக்கு இனிஷியல், வடக்கே சர்நேம். போட்டி நுழைவுப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருந்திருக்கிறது. எங்கள் அணிக்காகப் படிவத்தை நிரப்பியவர் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டுவிட்டார். சான்றிதழ் அடித்தவர் அதில் ஒரு எழுத்தையும் மாற்றிவிட்டார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு பெயர், ஆதாரில் இனிஷியல் பின்னால், சான்றிதழில் மூன்றாவதாக ஒரு ஆள். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் இது தெரிந்தது. "இது நீங்கதான்னு என்னம்மா ஆதாரம்?" என்று கேட்டார்கள். பேப்பர் கட்டிங்கை நீட்டினேன். கராத்தே போஸில் நிற்கும் பெண்ணின் படம் அது. சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். நோட்டரியிடம் அஃபிடவிட் எழுதினேன், போதாது, கொடுத்த இடத்திலேயே திருத்தி வாங்கி வாருங்கள் என்றார்கள். கையெழுத்துப் போட்டவர் வேறு மாநிலத்தில். கூரியர், போன், திரும்பக் கூரியர். அந்த முறைக்கான கடைசித் தேதி போயே போய்விட்டது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். போட்டிக்குக் கிளம்பும்போதே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகல் பையில் இருக்கட்டும். உங்கள் பெயரை யார் பதிவு செய்தாலும், பதிந்த பக்கத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். மெடலை வாங்கி செல்ஃபி எடுக்கும் முன் சான்றிதழை வாங்கி, பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, எடைப் பிரிவு, இடம், போட்டி நடந்த தேதி, கையெழுத்து, முத்திரை என்று விரல் வைத்துப் படியுங்கள். அங்கேயே கையெழுத்துப் போடுபவர் உட்கார்ந்திருப்பார், ஐந்து நிமிட வேலை. அரங்கத்தை விட்டு வந்துவிட்டால் அது ஐந்து மாத வேலை. உங்கள் பிரிவில் யார் யாரோடு மோதுவது என்ற டிரா தாள், முடிவுத் தாள் இரண்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்திய ஜூடோ கூட்டமைப்பின் நிர்வாகத்தை 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியிடம் ஒப்படைத்தது. மேலே ஆட்கள் மாறும்போது பழைய கையெழுத்தைச் சரிபார்க்க அலைவது நாம்தான். அதனால் சூட்டோடு சூடாக வாங்கிவிட வேண்டும். இன்னொன்று, "நேஷனல்" என்று பெயர் வைத்த எல்லாப் போட்டியும் நேஷனல் இல்லை. மாவட்டத் தேர்வு, மாநிலத் தேர்வு எதுவும் நடக்காமல், பணம் கட்டினால் போதும், நேரே நேஷனல் என்று யாராவது கூப்பிட்டால், பெரியமேட்டில் நேரு விளையாட்டரங்கத்தில் இருக்கும் விளையாட்டு மேம்பாட்டு ஆணைய அலுவலகத்தில் அந்த அமைப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்துத் தங்கத்துக்கு வேலையிலும் மதிப்பில்லை, காலேஜ் சீட்டிலும் மதிப்பில்லை.

புகழ் வந்தால் வியாபாரமும் வரும். ஜிம் நடத்தும் ஒருவர் இரண்டு டப்பா புரோட்டீன் பவுடரைக் கொண்டுவந்து, "இதைக் குடிச்சுத்தான் ஜெயிச்சேன்னு ஒரு வீடியோ போடுங்க சிஸ்டர்" என்றார். பணம் அப்புறம் பேசிக்கலாமாம். ரயில்வேயில் இருக்கும் சீனியர் அக்கா ஒருவரிடம் கேட்டேன், திட்டினார். ஊக்கமருந்துச் சோதனையில் உன் சாம்பிளில் ஏதாவது வந்தால், டப்பாவில் கலந்திருந்தது எனக்குத் தெரியாது என்பது செல்லாது, உடம்பில் இருப்பதற்கு ஆடும் ஆள்தான் பொறுப்பு என்றார். உண்மைதான், விதி அப்படித்தான். சளிக்கு மெடிக்கலில் வாங்கும் மாத்திரைக்கும் இது பொருந்தும். டாக்டரிடம் போனால் நான் போட்டிகளில் ஆடுபவள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தடைப் பட்டியலில் உள்ள மருந்து கட்டாயம் வேண்டும் என்றால் அதற்கு முறையாக முன் அனுமதி வாங்க வழி இருக்கிறது. டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்னொருவர் என் மேனேஜராக இருப்பதாகச் சொல்லி ஆங்கிலத்தில் எட்டுப் பக்க ஒப்பந்தம் நீட்டினார். ஓட்டேரியில் தெரிந்த வக்கீல் அக்கா படித்துப் பார்த்தார். ஐந்து வருடத்துக்கு என் வருமானத்தில் முப்பது சதவீதம் அவருக்கு, சம்பளம் உட்பட. "உன் பில் கவுன்ட்டர் சம்பளத்துலயும் பங்கு கேக்கறான்டி" என்று சிரித்தார். சிரித்துவிட்டுக் கட்டணம் வாங்கவில்லை, அது ஒரு மிச்சம்.

இந்தக் கூத்தில் பயிற்சி என்ன ஆகும்? காலையில் எழ முடியாது, சாயங்காலம் விழா. மேடைக்கு மேடை லட்டு, முடிந்ததும் பிரியாணி. 57-ல் ஆடும் எனக்கு வழக்கமாகவே 60 இருக்கும். போட்டிக்கு முன் மூன்று கிலோ இறக்குவேன். அந்த மாதக் கடைசியில் தராசு 63-ஐக் காட்டியது. அடுத்த மாநிலத் தேர்வு நெருங்கிவிட்டது. ராத்திரி சோற்றை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மே மாத வெயிலில் ஓடினேன். உடம்பு எடையை இறக்கியது, கூடவே காலில் இருந்த பலத்தையும் இறக்கிவிட்டது. ஒரு சாயங்காலம் சாதாரண ரான்டோரியில் (பயிற்சி மோதலில்), எதிரே இருந்த பெண் பக்கவாட்டில் வந்து தானி ஓதோஷி போட்டாள். காலை எனக்குப் பின்னால் வைத்து, தன் எடையோடு என்னைப் பின்னால் இழுக்கும் பிடி அது. என் வலது பாதம் மேட்டில் ஒட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. டப் என்று ஒரு சத்தம். வலி அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது முழங்கால் என்னுடையதாக இல்லாத மாதிரி ஒரு உணர்வு. அவள் அழுதுவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. தானி ஓதோஷி முழங்காலுக்கு ஆபத்தான பிடி என்று ஜூடோ ஆடுபவர்களுக்குத் தெரியும். களைத்த காலோடு இருப்பவர்கள் மேல் அதைப் போட்டுப் பழக வேண்டாம் என்று இப்போது என் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற லிகமென்ட் (தசைநார்) முழுதாக அறுந்திருந்தது. ஸ்கேன் 6,500. பதற்றத்தில் பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியிலேயே சேர்ந்து, ஆபரேஷனுக்கு 1,80,000. அம்மாவின் செயின் அடகுக்குப் போனது, மீதி வட்டிக்கு. பிசியோவுக்கு ஒவ்வொரு முறையும் 400, அது மாதக்கணக்கில். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். லிகமென்ட் அறுந்தால் பெரும்பாலும் அன்றைக்கே ஆபரேஷன் செய்தாக வேண்டியதில்லை. வீக்கம் வற்றி, முழங்கால் மடங்கி நீள ஆரம்பித்த பிறகு செய்வதே வழக்கம். அந்த அவகாசத்தில் அரசு பொது மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் காட்டியிருக்கலாம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எது அடங்கும் என்று விசாரித்திருக்கலாம். காப்பீட்டில் அனுமதி என்பது ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன் வாங்குவது, டிஸ்சார்ஜ் ஆகும் அன்று கேட்டால் கையை விரிப்பார்கள். தனியாக மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுப்பதானால், விளையாட்டில் படும் அடி அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். சில பாலிசிகளில் அது விலக்குப் பட்டியலில் இருக்கும். தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை 2023-ல் ஆரம்பித்தார்கள், பயணம், உபகரணம், பயிற்சி போன்றவற்றுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அதற்கும் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படுத்திருந்த மாதங்களில் போன் அடிக்கவில்லை. இதை வருத்தப்பட்டு எழுதக் கூடாது என்று இருந்தேன், ஆனால் வருத்தம்தான். விழா நடத்தியவர்களில் ஒருவர்கூட வரவில்லை. நேரில் பார்த்த ஒருவர், "என்னம்மா, இப்ப கராத்தே போறதில்லையா?" என்றார். சில ராத்திரிகளில் அந்தப் பதக்கத்தையே வாங்காமல் இருந்திருக்கலாம் என்று அழுதேன். வந்தது யார் என்றால், கூட ஆடிய பெண்கள், மாஸ்டர், துணிக்கடை மேனேஜர். கேரம் உலகக் கோப்பையில் 2024-ல் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் வடசென்னைப் பெண். அரசு அவருக்கு ஒரு கோடி கொடுத்த பிறகு, "உனக்கும் வந்திருக்குமே" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அது உலகக் கோப்பை, இது தேசிய வெண்கலம், இரண்டும் ஒரே கணக்கில் வராது என்று விளக்கி விளக்கி வாய் வலிக்கிறது. பிள்ளைகள் ஜெயித்து வந்தால் நீங்களும் சொந்தக்காரர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். கடன் கேட்டு வருபவர்களும் குறைவார்கள்.

ஒன்பது மாதம் கழித்துத்தான் மேட்டில் இறங்கினேன், டாக்டர் சொன்னது அது. ஆறாவது மாதமே கால் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். அதற்கு அடுத்த மாநிலப் போட்டியில் 63 கிலோவில் ஆடினேன். எடை இறக்கும் வேலையே வேண்டாம் என்று மேலே போய்விட்டேன். இரண்டாவது ரவுண்டில் தோற்றேன், இப்போன் (ஒரே முழுப் புள்ளியில் ஆட்டம் முடிவது), ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சாப்பிட்டுவிட்டு ஆடியது நன்றாக இருந்தது. இப்போது காலையில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், மதியத்துக்கு மேல் அதே பில் கவுன்ட்டர். செயினை மீட்டாயிற்று, வட்டிக் கடன் கொஞ்சம் பாக்கி. திருத்திய சான்றிதழ் ஒருவழியாகக் கையில் இருக்கிறது; இந்த முறை விண்ணப்பம் போட்டிருக்கிறேன், பட்டியல் இன்னும் வரவில்லை. போன வாரம் என்னிடம் படிக்கும் ஒரு பெண் மண்டலப் போட்டியில் வெள்ளி வாங்கினாள். அவள் அப்பா மெடலைத் தூக்கிக் காட்டியபோது, சான்றிதழை எடுங்கள் அண்ணே, முதலில் இனிஷியலைப் பார்ப்போம் என்றேன். பிறந்த தேதியில் மாதம் தப்பாக இருந்தது. அரங்கத்தின் கதவைப் பூட்டுவதற்குள் ஓடிப்போய் மாற்றி வாங்கிவிட்டோம்.